தடு, அனுமதி

4.3.2025, செவ்வாய்

சாவகச்சேரிச் சந்தையில் முருங்கைக்காய் கொள்ளை மலிவு. வாங்கிவந்ததை வெட்டாமலே போட்டுவிட்டு லப்டொப்புக்கு முன்னால் குந்தினேன். வெளிநாட்டில் தஞ்சம் கேட்டிருக்கிற தம்பி பிரவீணனின் அகதி விசாரணையில் நான் வீடியோக் கோலில் சாட்சி சொல்லவேண்டும். அங்கே அவனுடைய சட்டத்தரணியிடம் வேலை செய்யும் நிவேதனா, அதற்கான செயலியை அனுப்பியிருந்தாள். திறந்ததும் ஒரு சிவப்புப் பெட்டி பாய்ந்து வந்தது.

"பாதுகாப்பு எச்சரிக்கை. அறியப்படாத செயலி ஒன்று உங்கள் கமராவையும் மைக்கையும் பயன்படுத்த முயல்கிறது." கீழே இரண்டு பொத்தான்கள். அனுமதி. தடு.

பாதுகாப்பு என்ற சொல்லைக் கண்டாலே எனக்குச் சோதனைச்சாவடி ஞாபகம்தான் வரும். இந்த ஊரில் யாருக்குத்தான் வராது? லப்டொப்பை அப்படியே மூடிவிட்டேன்.

7.3, வெள்ளி

லப்டொப்பை விற்ற அடைக்கலநாதனிடம் போய்க் கேட்டேன். அந்தப் பாதுகாப்பு மென்பொருளைப் போட்டு, எல்லாவற்றையும் தமிழுக்கு மாற்றித் தந்ததும் அவர்தான்.

"அக்கா, பேர் தெரியாதது எது வந்தாலும் தடு எண்டு குடுங்கோ. இல்லையெண்டால் கமராவைப் பிடிச்சு, வீட்டுக்குள்ளை நடக்கிறதெல்லாம் பாத்துக்கொண்டிருப்பாங்கள்."

"ஆர் பாக்கிறது?"

"அது தெரிஞ்சால் நான் ஏன் கடை நடத்திறன்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நிவேதனாவைக் கேட்டால், "அனுமதி குடுங்கோ அக்கா, பயப்பிடாதேங்கோ" என்கிறாள். அவளுக்கென்ன, அங்கே இருக்கிறாள்.

9.3, ஞாயிறு

இன்றும் புலனாய்வுக்காரர் வந்தார்கள். அதே இரண்டு பேர், சிவில் உடுப்பு. "தம்பி எங்கை? ஆரோடை கதைக்கிறவர்?" என் மனுசன் கோகுலன் படலையடியிலேயே நின்று மறுமொழி சொல்லி அனுப்பிவிட்டார். நான் உள்ளே லப்டொப்பைத் துவாயால் மூடிக்கொண்டு நின்றேன். ஏன் மூடினேன்? அதுக்குக் காது இருக்கென்றா?

இவர்கள் வந்து விசாரிப்பதைத்தான் நான் அங்கே சொல்லவேண்டும். முன்பு பிரவீணனை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது கண்ணால் கண்டதும் நான் ஒருத்திதான். நான் சொன்னால் அவனை அங்கே இருக்க விடுவார்கள். நான் சொல்வதை இவர்களும் கேட்டுக்கொண்டிருந்தால் — பிள்ளைகளோடு நாங்கள் எங்கே போவது?

போன நாட்டிலும் அவனைத் தடுப்பில்தான் வைத்திருக்கிறார்கள். முகாமென்றாலும் சிறையென்றாலும் எங்களிடம் அந்த ஒரு சொல்தான் இருக்கிறது. தடுப்பு. இந்தப் பெட்டியிலும் அதுதான் வருகிறது.

12.3, புதன்

முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது. விசரி. நான் ஒரு விசரி.

பொழுதுபடுகிற நேரம் அழைப்பு வந்தது. அனுமதி கொடுப்பதென்று முடிவெடுத்துக்கொண்டுதான் இருந்தேன், சத்தியமாக. பெட்டி வந்தது. ஆனால் நிவேதனா சொல்லித்தந்த பெயர் அதில் இல்லை. வாயில் நுழையாத வேறு ஏதோ பெயர். அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கை தன்பாட்டில் போய்த் தடு என்பதை அமத்திவிட்டது.

வந்தது பக்கத்து வீட்டுக்கு ஆள். அவ்வளவுதான்.

எனக்கு அவர்கள் எல்லாரும் தெரிந்தார்கள். கதைக்கிறதும் கேட்டது. ஒரு மூலையில் பிரவீணன், தாடியும் வீங்கின கண்ணுமாக. என்னுடைய முகமும் குரலும்தான் அங்கே போகவில்லை. மொழிபெயர்ப்பாளர் திரும்பத் திரும்பக் கேட்டார்: "சாட்சி சொல்ல உங்களுக்குச் சம்மதமா?" ஓம் ஐயா, ஓம், ஓம் எண்டு கத்தினன். கோகுலன் ஓடிவந்து அங்கையும் இங்கையும் அமத்திப் பார்த்தார். அந்தக் கோதாரிப் பெட்டி திரும்பி வரவேயில்லை. ஒருக்காத் தடுத்தால் தடுத்ததுதானாம், பிறகு கேளாதாம். இதை எனக்கு ஆர் சொன்னது? நிவேதனாவுக்குப் போன் அடித்தால், விசாரணைக்காக அதையும் நிப்பாட்டி வைத்திருந்தாள்.

கடைசியில் தம்பி கமராவுக்குக் கிட்ட வந்தான். "அக்கா, கதையன்."

கதைக்கிறன் ராசா. கதைக்கிறனடா.

பிறகு படமும் போய்விட்டது.

13.3, வியாழன்

அடைக்கலநாதன் வந்து, எதையோ திறந்து எதையோ மாற்றி, தேத்தண்ணி ஆறுவதற்குள் சரிசெய்துவிட்டுப் போனார். அந்த வாயில் நுழையாத பெயர் செயலியைச் செய்த கொம்பனியினதாம். இப்போது என் முகம் வடிவாகத் தெரிகிறது. ஆருக்குக் காட்ட?

விசாரணைக்கு வேறொரு நாள் தரும்படி சட்டத்தரணி கேட்டிருக்கிறாராம்.

30.4, புதன்

நாள் தரவில்லை. அவனுக்கு அங்கே இருக்க இடமும் இல்லையென்று தீர்ப்பு. சாட்சி அழைப்பில் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை என்று அதில் இருக்கிறதாம். நிவேதனா அழுதுகொண்டு வாசித்தாள்.

சமைக்கேல்லை. பிள்ளைகள் பாண் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்கள். எனக்கு இனி எதற்கும் மனமில்லை.

17.8, ஞாயிறு

மேன்முறையீடும் சரிவரவில்லை. பிரவீணன் தடுப்பிலிருந்து கதைத்தான்.

"அக்கா, நீ கதைக்காமல் விட்டதுதான் சரி. உனக்குப் பிள்ளையள் இருக்கு. நான் கோவிக்கேல்லை."

"இல்லையடா, நான் கத்தினனான். இந்த மெசின்தான் விடேல்லை. நான் பிழையா அமத்திப்போட்டன்."

"ஓம் அக்கா, ஓம். எனக்கு விளங்குது."

சின்னப்பிள்ளையைத் தேற்றுகிற மாதிரிச் சொன்னான். பயத்தில்தான் வாய் திறக்காமல் இருந்தேன் என்று நினைக்கிறான். பயத்தில்தானே அமத்தினேன்? அதற்குமேல் அவனுக்கு என்ன சொல்ல?

21.8, வியாழன்

நாளைக்கு அவனைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். கோகுலன் கொழும்பு பஸ்ஸுக்கு இரண்டு சீற் பதிந்துவிட்டு வந்தார். திரும்பி வரும்போது எத்தனை பேர் என்று பஸ்காரர் கேட்டார்களாம். பிறகு சொல்லுறம் எண்டிட்டாராம்.