பூச்சியின் உள்பக்கம்

மாப்பிள்ளை,

இன்று காலை ஸ்கூட்டர் துடைக்கப் பழந்துணி மூட்டையை அவிழ்த்தேன். நம் பட்டாம்பூச்சி பனியன் ஒன்று கையில் வந்தது. சாயம் போகவே இல்லை. உங்களைப் போலத்தான், தப்பாக இருந்தாலும் அழுத்தமாக இருக்கிறது.

என் தங்கையைக் கட்டிய உரிமையில் கம்பெனியில் பங்குக்கு வந்தவர் நீங்கள். தொண்ணூறுகளின் தொடக்கம். அதுவரை அடுத்தவர்களுக்குத் தைத்துக் கொடுத்த நமக்குச் சொந்தப் பெயரில் வந்த முதல் ஏற்றுமதி ஆர்டர், ஜெர்மனிக்குக் குழந்தைகள் பனியன். நெஞ்சில் அவர்கள் ஊர்ப் பட்டாம்பூச்சி சிறகை மூடி உட்கார்ந்திருக்க வேண்டும். ஃபேக்ஸில் படம் கருப்பு மசியாக வந்தது. ஆரஞ்சு, கரும்புள்ளி என்ற எழுத்து மட்டும் தெரிந்தது. கலர்ப் படம் தபாலில் வரட்டும் என்றேன். கேட்கிற ஆளா நீங்கள்?

ஊத்துக்குளி ரயில் பாதையோரம் உன்னிச்செடிக்கு என்னை இழுத்துப் போனீர்கள். கரும்புள்ளியோடு ஓர் ஆரஞ்சுப் பூச்சி சிறகை விரித்து உட்கார்ந்திருந்தது.

"இதேதானுங்க மச்சான்."

"சிறகை மூடட்டுங்க மாப்ளே. அடியில எப்படி இருக்குதுன்னு பார்த்துக்கலாம்."

"பூச்சிக்கு ஏதுங்க உள்பக்கம், வெளிப்பக்கம்? மேல இருக்கறதுதான் அடியிலயும் இருக்கும்."

உள்பக்கம் புரட்டிப் பார்க்காமல் ஒரு முழம் துணி வாங்காத மனிதர் சொன்ன சொல் இது. அது மூடுவதற்குள் நீங்கள் வண்டியைக் கிளப்பிவிட்டீர்கள்.

மூடின சிறகிலும் அதே கரும்புள்ளியைப் போட்டு அத்தனை பனியனும் அச்சடித்த பிறகு, ஆர்டர் கொடுத்த ஜெர்மன் பையர் வந்தார். கலர்ப் படத்தைப் பக்கத்தில் வைத்தார். சிறகின் அடிப்பக்கம் பச்சை கலந்து, அதில் வெள்ளி பூசின கோடுகள். மேலே பார்த்தால் பல ஜாதி ஒன்றுபோல இருக்கும், அடியைப் பார்த்துத்தான் இன்னதென்று சொல்ல முடியும் என்றார். ஆர்டர் போயிற்று. மறுபடி அடுத்தவர் துணிதான் தைத்தோம். உங்களுக்கோ துளி வெட்கமில்லை.

"அவிங்க ஊருப் பூச்சிக்குக் கொழுப்புங்க மச்சான்" என்றீர்கள்.

அதோடாவது திருந்தினீர்களா? சில வருடம் கழித்து நெஞ்சு வலித்தபோது டாக்டர் உள்ளே படமெடுத்துப் பார்க்கச் சொன்னார். "ஆளு நல்லாத்தானுங்களே இருக்கறேன்" என்று தலையைச் சீவிக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பினீர்கள். சாயங்காலம் உடம்பைத்தான் தூக்கிக்கொண்டு வந்தோம். தங்கை உங்களை மன்னித்துவிட்டாள். நான் மன்னிக்கவில்லை.

பனியனை மடித்து உள்ளே வைத்துவிட்டு வேறு துணியால் வண்டியைத் துடைத்தேன். மண்ணரைப் பக்கம் நம் கம்பெனிச் சுவரோரமும் உன்னி பூத்திருக்கிறது. அதே ஆரஞ்சுப் பூச்சி வருகிறது. வேலை கெட்டாலும் அது சிறகை மூடும்வரை நிற்கிறேன். வெள்ளிக் கோடு இருக்காது என்று தெரியும். உங்களுக்கும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.