பேயாக நடித்த அத்தை எழுதுவது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் அத்தை எழுதுகிறேன். இங்கே நானும் உங்கள் மனைவியும் சுகம். அவள் சுகமாக இருப்பதாக எழுதச் சொன்னது அவள் இல்லை, நானாகத்தான் எழுதுகிறேன். நீங்கள் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் "வேலையா இருக்கேன் அத்தை" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க மனசு வராது என்ற நம்பிக்கையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு சிமெண்டுத் தொழிற்சாலைக்குப் பாதுகாப்புப் படம் எடுத்து முடிக்க இவ்வளவு நாளா? தலையில் தொப்பி போடு, ஓடுகிற இயந்திரத்தில் கை வைக்காதே. இதற்கு மேல் அதில் என்ன கதை இருக்கிறது?

நீங்கள் எடுத்த நம் பேய்ப் படம் இன்னும் ஓடுகிறது. பெரிய அரங்கிலிருந்து தூக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அரங்கில் பகல் காட்சி மட்டும். கூட்டம் குறைவு, வாக்குவாதத்துக்குக் குறைவில்லை.

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையே இரண்டு கட்சியாகிவிட்டது. முதலாளிக்குப் படம் துளியும் பிடிக்கவில்லை. "என்னங்க பேய் இது? ஒருத்தர் கழுத்தையும் பிடிக்கல. வந்து துணி மடிச்சு வெச்சுட்டுப் போகுது. எங்க வீட்டுக்கு வந்தா சம்பளம் கொடுத்து வெச்சுக்குவேன்" என்கிறார். ரசீது போடும் பெண்ணை உங்களுக்குத் தெரியும், போன வருஷம் கணவரை இழந்தவள். அவள் படம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். பயமா என்று கேட்டேன். "பயம் இல்லக்கா. யாராவது வந்துட மாட்டாங்களான்னு" என்றாள். அதற்குப் பிறகு முதலாளி அவள் முன்னால் படத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

கண் பரிசோதனைக்கு வந்த ஒருவர் எழுத்துப் பலகையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தார். "நீங்க அந்தப் பேய்தானே?" என்றார். "கடைசி வரியைப் படிங்க, சொல்றேன்" என்றேன். மனுஷர் ஒரு எழுத்து பிசகாமல் படித்துவிட்டு, கண்ணாடியே வாங்காமல் போய்விட்டார். மாடி வீட்டுக்காரர், "மாமியாரையே பேயாப் போட்டுட்டார், மேக்கப்பே தேவைப்பட்டிருக்காது" என்று சிரிக்கிறார். நானும் சேர்ந்து சிரித்தேன். பேயாக நடிக்க வந்த பெண் வசதி போதவில்லை என்று கோபித்துக்கொண்டு கிளம்பிய அன்று, நீங்கள் சமையலறை வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றீர்களே. "முகமே தெரியாது அத்தை, முதுகு மட்டும்தான்." இப்போது ஊரெல்லாம் என் முகம்தான் தெரிகிறது. இருக்கட்டும். கல்யாணமான நாளிலிருந்து என்னைக் கண்டால் ஒதுங்கியே நின்ற நீங்கள், அந்தப் படப்பிடிப்பில்தான் என்னோடு ஒரே தட்டில் ரொட்டி பிய்த்துத் தின்றீர்கள். எனக்கு அது போதும்.

சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். படம் வெளியான முதல் நாள் உங்கள் மனைவி பாதியில் எழுந்து போனதும், அரங்கில் கத்திவிட்டுப் போனவர்களைப் போல அவளுக்கும் படம் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டீர்கள். மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதில் உங்கள் இருவருக்கும் நல்ல பொருத்தம்.

அவள் எழுந்து போனது அந்த நீலக் கம்பளிச் சட்டை திரையில் வந்தபோது. படப்பிடிப்பில் அதை நீங்கள் என் கையில் கொடுத்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. வயிற்றில் பிள்ளையோடு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அவள் பின்னியது. ஒரு கை சற்றுக் குட்டையாகப் போய்விட்டது என்று எத்தனை தடவை பிரித்துப் பின்னினாள்! அதைப் போட்டுக்கொள்ள வேண்டியவன் வீட்டுக்கு வரவே இல்லை. "அவகிட்ட கேட்டீங்களா?" என்றேன். "சொல்லிக்கிறேன் அத்தை" என்றீர்கள். சொல்லவில்லை. சட்டை தன் அலமாரியில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு அரங்கில் உட்கார்ந்திருந்தவள், அதைச் சுவர் அளவுக்குத் திரையில் பார்த்தாள். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அது தப்பு, மாப்பிள்ளை. உங்கள் மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் அதைத் தப்பு என்றுதான் சொல்வேன். அந்தக் காட்சியில் என் கை நடுங்குவதைப் பாராட்டி யாரோ எழுதியிருக்கிறார்களாம். நான் எங்கே நடித்தேன்?

போன வாரம் கடைத்தெருவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவள், வெறும் பையோடு திரும்பி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை முக்காலியில் உட்கார்ந்தாள். "படத்தோட முடிவு என்னன்னு எனக்குத் தெரியாதேம்மா. அதான் போய்ப் பார்த்தேன்" என்றாள்.

ஊரே சண்டை போடுவது அந்த முடிவுக்குத்தான். மனைவி பேயைக் கண்டு ஓடாமல் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிக்கிறாள். அறையில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிக்கொண்டு படம் முழுக்க வாசலிலேயே நின்ற கணவன், கடைசியில் உள்ளே வந்து, "எனக்கும் ஒண்ணு கொடு" என்று கையை நீட்டுகிறான். அவ்வளவுதான் படம். பின் வரிசையில் விசில் அடித்தார்களாம். முன்னால் இருந்த ஒருவர் எழுந்து நின்று அவர்களை அதட்டினாராம்.

"அந்த வரி கதையில முதல்லயே இருந்துச்சாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அந்தக் காட்சி எடுத்த அன்றைக்கு நீங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து முழங்காலில் வைத்து எழுதியதைச் சொன்னேன். காட்சி முடிந்தும் உங்களுக்குக் கட் சொல்லக் குரல் வரவில்லை, ஒளிப்பதிவாளர்தான் சொன்னார் என்பதையும் சொன்னேன்.

வெறும் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "ஆஸ்பத்திரியில எல்லா வேலையும் ஓடி ஓடிச் செஞ்சார். ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. இவருக்கு வலிக்கவே இல்லன்னு நினைச்சேன்" என்றாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "என்கிட்ட சொல்ல முடியாததை ஊருக்கே சொல்லியிருக்கார்" என்றாள். கோபமாகச் சொன்னாளா, பாசமாகச் சொன்னாளா, பெற்ற எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. இரண்டும் இருந்தது.

வந்தவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து வராதீர்கள். திட்டுவாள். திட்டட்டும், வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சட்டை உங்கள் பெட்டியில் இருந்தால் தபாலில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். நேரில் கொண்டுவந்து அவள் கையில் கொடுங்கள்.

உறையை ஒட்டும் முன் இதை அவளிடம் காட்டினேன். நின்றபடியே படித்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அங்கிருந்தே, "அந்த முதுகுவலி எப்படி இருக்குன்னு கேளு" என்றாள். நீயே கேளேன் என்றேன். பாத்திரம் உருட்டும் சத்தம்தான் வந்தது.

ஆகையால் நான் கேட்கிறேன். முதுகுவலி எப்படி இருக்கிறது? பதிலை எனக்கு எழுத வேண்டாம். அவளிடம் சொல்லுங்கள்.

இருவரும் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். சண்டை போடுவதாக இருந்தாலும் ஒரே வீட்டில் இருந்து போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நல்லதையே நினைத்துக்கொண்டிருக்கும்
அத்தை