திருநாளுக்கு முந்தின ராத்திரிச் சோறு

ஆவூர்
1951, ஆவணி மாதம்

அன்பு மகன் மரியசெல்வத்துக்கு, உன் ஆத்தா இன்னாசியம்மாள் சொல்லச் சொல்லத் தங்கை அருளாயி எழுதுவது. மாதா துணையால் உன் ஐயாவும் நாங்களும் சுகமாக இருக்கிறோம். பினாங்கில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலையில் உன் பேரைச் சொல்கிறேன்.

இங்கே இன்னும் மழை இல்லை. செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. நம்ம ஊர் நாகராசு அடுத்த கப்பலில் அங்கே வருகிறான், அவன் வாயால் நீ கேட்பதற்கு முன்னால் நானே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வருசம் மாதா திருநாள் பூசையில் அருளாயி வெறும் வயிற்றோடு மயங்கி விழுந்தாள் அல்லவா, பூசையில் நற்கருணை நன்மை வாங்குகிறவர்கள் நடுச்சாமத்துக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதே. இந்த வருசம் அப்படி ஆகக் கூடாதென்று, நடுச்சாமத்துக்குக் கொஞ்சம் முந்தி, தூங்கினவளை எழுப்பி உட்கார வைத்து மொச்சைக் குழம்பு ஊற்றிப் பிசைந்து கொடுத்தேன். "வேணாம் ஆத்தா, சாயங்காலம் தின்னதே நெஞ்சுல நிக்கிது" என்றாள். நான் அதட்டி, இன்னும் ரெண்டு உருண்டை, இன்னும் ரெண்டு உருண்டை என்று கொடுத்துக்கொண்டே இருந்தேன். சாப்பிட்ட கையோடு படுத்தவள் விடிகிற வரைக்கும் புளித்த ஏப்பம் விட்டுப் புரண்டாள். பூசை நடக்கும்போது, பெண்கள் பக்கம் நட்ட நடுவில் வாந்தி எடுத்துவிட்டாள்.

கலியாணம் ஆகாத பெண் காலங்காத்தாலே வாந்தி எடுத்தால் ஊர் என்ன பேசும் என்று உனக்குத் தெரியும். கிணற்றடியில் கீழவீட்டுக்காரி சின்னப்பிள்ளை, "என்னடி இன்னாசி, ஒன் மகளுக்கு மாங்கா பறிச்சுத் தரவா" என்று சிரித்தாள். "அது நான் ஊட்டுன சோறுடி" என்று கத்தினேன், யார் நம்பினார்கள். பெண் பார்க்க வருவதாக இருந்தவர்களும் இன்றுவரை வரவில்லை. ஆனால் ராசா, சின்னப்பிள்ளைக்கு முந்தி அவளைக் கேட்டது நான்தான். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தி, என் கையால் ஊட்டியதை மறந்து, அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டேன். அவள் என்னையே பார்த்தாள். அன்று முதல் நான் போடும் சோற்றை வாங்குவதில்லை, தானே போட்டுக்கொள்கிறாள். ஐயா கீரனூர்க் கம்பவுண்டரிடம் கூட்டிப் போனார். "தூங்குற வயித்துல மூட்டைய ஏத்துனா அது எப்புடிம்மா செரிக்கும், பொழுதோட சாப்பிட்டு நடமாடிட்டுத்தான் படுக்கணும்" என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்தாராம். நாகராசு என்ன சொன்னாலும், தப்பு ஆத்தாளுடையது, தங்கையுடையது இல்லை என்று நாலு பேர் கேட்கச் சொல். இதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்கிறேன்.

நீயும் கடை சாத்திய பிறகு சாப்பிட்டு அப்படியே சாய்ந்துவிடுவதாகவும் நெஞ்சு எரிவதாகவும் எழுதியிருந்தாய். முதலாளியிடம் கேட்டுப் பொழுதோடு சாப்பிடு, மறக்காதே. மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாளாக.

உன் ஆத்தா,
இன்னாசியம்மாள் கைநாட்டு

அண்ணே, இது நானாக எழுதுவது. கடிதம் முடிந்ததும் ஆத்தா ஐயாவுக்குச் சோறு போட்டது. இன்னும் விளக்குக்கூட வைக்கவில்லை. என் பக்கம் திரும்பி "இன்னும் ரெண்டு" என்று வாயெடுத்துப் பாதியில் நிறுத்திக்கொண்டது. நான் கையை நீட்டினேன்.