கண்ணுக்குக் கீழே இருந்த பை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கிறது. நானும் அம்மாவும் நல்லா இருக்கோம், அவளோட முட்டிவலிகூட இப்ப பரவாயில்ல, நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கிறேன்னு நம்புறேன். நாங்க நல்லா இருக்கோம்னு சொல்றதை நீயும் நம்பணும். போன்ல இத்தனை நாளா நான் மூஞ்சியைக் காட்டலன்னு, அப்பா நெஞ்சுக்கு ஏதோ வந்துடுச்சுன்னு நீயா முடிவு கட்டி, லீவு போட்டுக் கிளம்பி வர்றேன்னு நேத்து அம்மாகிட்ட அழுதிருக்க. போன் தண்ணியில விழுந்து கேமரா போயிடுச்சுன்னு நான் சொன்னது பச்சைப் பொய். கேமரா ஜம்முனு இருக்கு, எனக்குத்தான் உன் முன்னாடி வர மூஞ்சி இல்ல. சொல்லிடலாம்னு ஒவ்வொரு தடவையும் வாயெடுப்பேன், நீ அப்பான்னு கூப்பிட்டதும் அப்படியே முழுங்கிடுவேன். அதான் எழுதுறேன். பயப்படுற விஷயம் ஒண்ணும் இல்ல, நான் வெட்கப்பட வேண்டிய விஷயம்தான். என் கண்ணுக்குக் கீழ ரெண்டு பை தொங்குமே, அதை ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டேன்.

சிரிக்காத. சிரிச்சாலும் சிரி. பள்ளிக்கூடம் திறந்தப்போ புதுசா சேர்ந்த ஒரு பிள்ளையை என் வேன்ல ஏத்திவிட வந்த அதோட அம்மா, என் மூஞ்சியைப் பார்த்துட்டு, டிரைவர் காலங்காத்தாலயே குடிச்சிருக்காருன்னு ஆபீசுக்குப் போன் போட்டுட்டாங்க. ஒரு சொட்டு வாயில வெச்சவன் இல்ல நான், உனக்கே தெரியும். மேனேஜர் மத்த டிரைவருங்க முன்னாடி நிக்கவெச்சுக் குழாயில ஊதச் சொன்னாரு, ஊதினேன், ஒண்ணுமில்லன்னு காட்டுச்சு. அந்தம்மா பாவம், மறுநாளே வந்து மன்னிப்புக் கேட்டாங்க. அதோட விட்டிருக்கலாம். ஆனா அதுக்கப்புறம் பிள்ளைங்களைப் பார்க்க வேன் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாலே என் பைதான் முதல்ல கண்ல படுது. வேலைக்காகத்தான் பண்ணிக்கிறேன்னு அம்மாகிட்ட சொன்னேன், அது பாதிதான் நிஜம். மீதிப் பாதி ஆசை பாப்பா. கொஞ்சம் பார்க்கிற மாதிரி இருக்கணும்னு ஆசை, இந்த வயசுல. எழுதவே கை கூசுது.

விவரமாச் சொன்னாத்தான் உனக்கு மனசு அடங்கும். டாக்டரம்மா கீழ் இமையை விரலால இழுத்து விட்டு எவ்வளவு சீக்கிரம் திரும்பப் போகுதுன்னு பார்த்தாங்க, கண்ணு வறண்டு போகுமா, பிரஷர் இருக்கா, ரத்தத்தை இளக்குற மாத்திரை எடுக்கிறேனான்னு துருவித் துருவிக் கேட்டாங்க. இது தூக்கம் கெட்டு வந்தது இல்லையாம், கண்ணைச் சுத்தி மெத்தை மாதிரி இருக்கிற கொழுப்பு முன்னாடி பிதுங்குதாம், சில குடும்பத்துல சின்ன வயசுலயே இருக்குமாம். பை போகும், கருவளையமும் சிரிச்சா விழற கோடும் அப்படியேதான் இருக்கும், மனசுல இருக்கிறதுக்கு நான் பொறுப்பில்லன்னு முதல்லயே சொல்லிட்டாங்க. மரத்துப்போக ஊசி, அரைத்தூக்கமா இருக்க ஒரு மருந்து. இமை முடிக்குக் கீழயே கோடு மாதிரிக் கீறிப் பண்ணினாங்க. வலி தெரியல, யாரோ இழுக்கிற மாதிரி மட்டும் இருந்துச்சு, அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

கூத்து அதுக்கப்புறம்தான். கண்ணுக்குக் களிம்பு போட்டு எல்லாம் மங்கல், தலையணையை அடுக்கி உட்கார்ந்த மாதிரியே தூக்கம், ஐஸ் துணி ஒத்தடம். குனியக் கூடாதாம், அதனால செருப்பைக்கூட அம்மாதான் மாட்டிவிட்டா, நான் சின்னப்பிள்ளை மாதிரி காலை நீட்டிக்கிட்டு நின்னேன். கன்னம் வரைக்கும் வீங்கி ஊதா, பச்சை, மஞ்சள்னு ஒவ்வொரு நிறமா மாறுச்சு. சும்மா இருந்தவரைக் குடிகாரன்னாங்க, இப்பத்தான் குடிச்சுட்டு அடி வாங்கின மாதிரியே இருக்கீங்கன்னு அம்மா தலையில அடிச்சுக்கிட்டா. யாராவது கேட்டா, பல்பு மாத்த ஏறி விழுந்துட்டாருன்னு சொல்லி வெச்சா. எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன் நல்ல மனுஷன், ஏணியைத் தூக்கிட்டு வந்து எந்த பல்புன்னு நிக்கிறாரு. எரிஞ்சுகிட்டிருந்த பல்பைக் காட்டினோம், கழட்டிட்டுப் புதுசு மாட்டிட்டுப் போனாரு. நான் போர்வையை இழுத்து மூடிக்கிட்டேன். ஒரு கண்ணு மட்டும் திடீர்னு வலிச்சு வீங்கினாலோ பார்வை குறைஞ்சாலோ உடனே ஓடி வரணும்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க, அப்படி எதுவும் ஆகல. தையல் பிரிச்சாச்சு, காத்து பட்டா மட்டும் தண்ணி வருது, முழுசா அடங்க சில மாசம் ஆகுமாம். பார்வை தெளிஞ்சு அவங்க சரின்னு சொன்னப்புறம்தான் வேனை எடுத்தேன்.

முதல் நாளே முன் சீட்டு வாண்டு ஒண்ணு என்னை உத்துப் பார்த்துட்டு, மாமா உங்க மூஞ்சியில ஏதோ காணோம்னு சொல்லுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். சிக்னல்ல நின்னப்போ கண்ணாடியைப் பார்த்தேன் பாப்பா, எனக்குச் சுருக்குன்னுச்சு. காணாமப் போனது நீ. உன் கண்ணுக்குக் கீழயும் இதே பை இருக்கிறதால பள்ளிக்கூடத்துல தூங்குமூஞ்சின்னு கேலி பண்ணினாங்கன்னு, நீ குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு அழுதியே, நான் உன்னைத் தூக்கிக் கண்ணாடி முன்னாடி என் கன்னத்தோட உன் கன்னத்தை வெச்சு, இது நம்ம ரெண்டு பேரோட கண்ணு, எவளாவது ஏதாவது சொன்னா எங்கப்பாவைப் போய்ப் பாருன்னு சொல்லுன்னேன். நீ மறுநாள் ஒரு பட்டாளத்தையே வேன்கிட்ட கூட்டிட்டு வந்து, இதோ எங்கப்பான்னு காட்டின. நான் கண்ணை நல்லா உருட்டிக்கிட்டு ராஜா மாதிரி நின்னேன். அதுக்கப்புறம் நீ எந்த போட்டோவுக்கும் ஒளிஞ்சது இல்ல. இப்ப யாரைக் காட்டுவ? ஆஸ்பத்திரியில சம்மதம்னு கையெழுத்துப் போட்டப்போ, என் பொண்ணு மூஞ்சி நல்லா இல்லன்னு நானே எழுதிக் கொடுத்துட்டேன்னு இப்பத்தான் உறைக்குது. சத்தியமா சொல்றேன், அந்த மேஜையில படுக்கிற வரைக்கும் அது என் கண்ணுன்னு மட்டும்தான் நினைச்சேன், அது உன் கண்ணும்னு ஒரு தடவைகூட தோணல. உன்கிட்ட நான் சொன்னது சமாதானத்துக்குச் சொன்னது இல்ல. உன் மூஞ்சி அழகுதான், அன்னைக்கும் இன்னைக்கும். என் மூஞ்சியைத்தான் எனக்குத் தாங்கத் தெரியல.

ஞாயித்துக்கிழமை கேமராவைப் போடுறேன். திட்டணும்னா திட்டு, நான் திருட்டு முழி முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன், போனை மட்டும் வெச்சுடாத. பயந்துக்கிட்டு டிக்கெட் எடுக்காத, உனக்கு ஒழுங்கா லீவு கிடைக்கிறப்போ வா. என்னைப் பார்த்துட்டு உனக்கும் பண்ணிக்கணும்னு தோணினா அது உன் இஷ்டம், உன் மூஞ்சி உன்னுது, யாரோ ஏதோ சொன்னாங்கன்னு மட்டும் போயிடாத. எங்க ஆயுசையும் சேர்த்து நீ நிறைவா இருக்கணும், எந்தச் சபையிலயும் நிமிர்ந்து உட்காரணும். ஒண்ணு மறக்காத, உன் போட்டோ ஒண்ணு அனுப்பு, கிட்டக்க எடுத்தது, போன்ல எதையும் அழிக்காம, கண்ணு இருக்கிற மாதிரியே. வேன்ல கண்ணாடிக்குப் பக்கத்துல ஒட்டப் போறேன். அந்த வாண்டு மறுபடியும் கேட்டா, எங்க பொண்ணைப் போய்ப் பாருன்னு சொல்லணும்.

உன் ஞாபகமாவே இருக்கிற,
அப்பா