நூற்றுப் பதினாறு ஆட்டுக் கண்கள்

12 மார்ச் 2020, வியாழன்

அடுத்த புதன்கிழமை அறுவைப் பட்டியலில், அறுவை செய்பவர் என்ற இடத்தில் என் பெயர். நோயாளி மப்ரூக்கா, அறுபத்தேழு வயது, கல்யாண உடுப்பு தைப்பவர், வலது கண்ணில் புரை. முதல் கீறலிலிருந்து கட்டுப் போடுவது வரை நானே செய்யலாம் என்று டாக்டர் லஸ்ஸாத் சொல்லிவிட்டார். நான்கு வருடமாக அவர் பாதியில் எழுந்து இடம் கொடுப்பார், நான் கொஞ்சம் செய்வேன், மறுபடி எழுந்துகொள்வேன். ஸ்ஃபாக்ஸ் நகர ஆஸ்பத்திரியில் நான் கண் டாக்டர் ஆவது இப்படித் துண்டு துண்டாகத்தான்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா? இதுவரைக்கும் எத்தனை பண்ணியிருக்கே?"

முழுசாக ஒன்றுகூட இல்லை என்றேன்.

"பொய் சொல்லலையே. அது போதும்."

17 மார்ச்

அவசர அறுவை தவிர எல்லாம் ரத்து. புரை அவசரம் இல்லையாம். மப்ரூக்காவுக்கு நானே போன் செய்தேன். "ரெண்டு வாரம் ஆகுமா?" என்றார். ஆமாம் என்றேன்.

9 ஏப்ரல்

என்னைக் கொரோனா கூடாரத்தில் போட்டிருக்கிறார்கள். மூக்கில் குச்சி விடும் வேலை. இன்று தொண்ணூறு மூக்கு. ஊரில் உள்ள மூக்கெல்லாம் எனக்கு அத்துப்படி ஆகிவிடும் போலிருக்கிறது. உள்ளே வார்டில் ஆட்கள் மூச்சுக்குத் தவிக்கிறார்கள், நான் என் விரல்களைப் பற்றிக் கவலைப்படுகிறேன். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கவலைதான்.

14 ஜூன்

வீடியோ வகுப்பு. படம் பார்த்துக் கை தேறுமா?

சாப்பாட்டு மேசைக்கு அடியில் வலது கால் தானாக மிதிக்கிறது, அறுவை மெஷினின் மிதி அங்கே இருப்பதாக நினைப்பு. தங்கை கேட்கிறாள்: "எங்க, கார்லயா போறே?"

மப்ரூக்கா போன் செய்தார். கறுப்பு நூல் என்று நீலத்தில் தைத்துவிட்டாராம். "ரெண்டு வாரம்னு சொன்னியே, மகளே."

31 ஜூலை, பெருநாள்

தெருவில் வீட்டுக்கு வீடு ஆடு அறுக்கும் நாள். காலையிலேயே கிண்ணத்தோடு கிளம்பிவிட்டேன். தலையை நெருப்பில் வாட்டுவதற்குள் கண்ணை எடுக்க வேண்டும், வாட்டிவிட்டால் அறுவை பழக உதவாது.

பக்கத்து வீட்டு ஹமாதி அண்ணன் சொன்னார்: "ஊரே ஈரல் கேக்குது, நீ கண்ணு கேக்கறே. என் மாமியாருக்கு ஆட்டுத் தலையில பிடிச்சதே கண்ணுதான். நீயே போய் அவங்ககிட்ட சொல்லு."

சொன்னேன். அந்த அம்மா மதியம் வரை என்னோடு பேசவில்லை. ஆனால் கொடுத்துவிட்டார்.

மொத்தம் பதினாலு. ஆஸ்பத்திரியில் பழைய மைக்ரோஸ்கோப்பைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு விரலுக்கு வேலை. சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

10 நவம்பர்

கசாப்புக் கடைக்காரர் இப்போது கேட்காமலே எடுத்து வைக்கிறார். எண்பத்தொன்று ஆகிவிட்டது. கை சுத்தமாக ஓடுகிறது, எனக்கே கொஞ்சம் கர்வம்.

கண் டாக்டர் ஆவதற்கான கடைசித் தேர்வுக்கு வேண்டிய அறுவை எண்ணிக்கையைச் சூழ்நிலை கருதிப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். மார்ச்சில் எழுதலாம். எங்கள் குழுவில் எல்லோரும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டார்கள். நானும் சொன்னேன்.

3 பிப்ரவரி 2021

அறுவைகள் திரும்பத் தொடங்கி முதல் வாரம். மப்ரூக்கா வந்தார். புரை முற்றி இறுகிவிட்டது, வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது.

படுக்கையில் ஏறும்போது கேட்டார்: "இப்ப எத்தனை பண்ணிட்டே?"

"நிறைய," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

கண்ணுக்குள் இருக்கும் வில்லையை மூடிய சவ்வை வட்டமாகக் கிழித்தெடுக்க வேண்டும். ஆட்டுக்கு அது தடிப்பு, இழுத்தால்தான் வரும். மனிதருக்கு அப்படி இல்லை. தெரியும், புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் கைக்குத் தெரியவில்லையே. ஆட்டை இழுத்த மாதிரியே இழுத்தேன். கிழிசல் வில்லையின் விளிம்பைப் பார்த்து ஓடியது, அதைத் தாண்டினால் கண்ணுக்கே ஆபத்து.

கையை நிறுத்தினேன். "டாக்டர்," என்றேன். லஸ்ஸாத் என் இடத்தில் உட்கார்ந்தார். நாற்பது நிமிடம். துணிக்கு அடியிலிருந்து மப்ரூக்கா கேட்டார்: "ஏன் எல்லாரும் ஊமையாயிட்டீங்க?"

கண் தப்பித்தது. லஸ்ஸாத்தால்.

4 பிப்ரவரி

கட்டைப் பிரிக்க நான் போகவில்லை. கோழை.

9 பிப்ரவரி

மார்ச் தேர்வு வேண்டாம், இன்னும் எட்டு மாதம் பயிற்சி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். லஸ்ஸாத் கண்ணாடியைக் கழற்றினார். "உன் கூட இருக்கறவங்க எல்லாம் பாஸ் பண்ணிட்டுப் போகப்போறாங்க, ஒல்ஃபா." தெரியும் என்றேன். "சவ்வு ஓடினப்ப அவங்கள்ல எத்தனை பேர் நிறுத்தியிருப்பாங்கன்னு தெரியல," என்றபடியே கையெழுத்துப் போட்டார்.

அங்கிருந்து நேராக மப்ரூக்கா வீடு. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார், வலது கண்ணால். நிறைய என்று சொன்னது ஆடுகளை என்று சொல்லிவிட்டேன். கிழிந்ததையும் சொன்னேன்.

நூலை இழுத்து முடிச்சுப் போட்டார். பிறகு, "எத்தனை?"

"நூத்திப் பதினாறு கண்."

"அப்ப அம்பத்தெட்டு ஆடு. அதுல ஒண்ணுக்காவது பார்வை வந்துச்சா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை. "கிளம்பு," என்றார்.

20 ஜூலை, பெருநாள்

மறுபடி எல்லாம் நின்றுபோய் மூன்று வாரம். ஆக்சிஜன் வார்டில் இருக்கிறேன். ஹமாதி அண்ணன் கிண்ணம் நிறையக் கண் அனுப்பியிருந்தார். மாமியாருக்கே கொடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

6 அக்டோபர் 2021, புதன்

செப்டம்பர் முழுக்க அறுவை. லஸ்ஸாத் பக்கத்தில் நிற்கிறார், கை நீட்டுவதில்லை.

இன்றைய பட்டியலில் மூன்றாவது பெயர் மப்ரூக்கா. இடது கண். அறுவை செய்பவர் என்ற இடத்தில் என் பெயர். குமாஸ்தாவின் தவறு என்று நினைத்துப் போய்க் கேட்டேன். "அந்த அம்மாதான் கேட்டு எழுத வச்சாங்க. வேற ஆளுன்னா எழுந்து வீட்டுக்குப் போயிடுவேன்னாங்க."

படுக்கையில் ஏறும்போது என்னைப் பார்த்தார். "எத்தனை?"

"மனுஷக் கண் பத்தொன்பது. உங்க வலது கண்ணைச் சேர்க்கலை."

"ஆடு?"

"இந்த வருஷம் ஒண்ணும் இல்லை."

"சரி, இருபதாவது என்னோடது," என்று தலையணையைச் சரிசெய்துகொண்டு படுத்தார்.