ஆள் வந்தாச்சு, பயப்படாதீங்க

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அங்கே நீயும் மருமகளும் அவள் வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கிற வாண்டும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். இந்த இரண்டு அறை வீட்டில் நான் ரகசியம் பேசினால் முதலில் கேட்பது அப்பாவுக்குத்தான், அதனால்தான். என் இடது கண்ணிலும் புரை முற்றிவிட்டதாம், அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை ஆபரேஷன். போன வருஷம் வலது கண்ணில் செய்துவிட்டு, வலியே தெரியவில்லை என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டவள்தான், இப்போது ஏனோ தினமும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது இருக்கட்டும், முதலில் அப்பா விஷயம். போன தடவை நீ கூப்பிட்டபோது அவர் குளிக்கிறார் என்றேனே, பொய். சோபாவில்தான் உட்கார்ந்திருந்தார், இல்லையென்று சொல் என்று கையை ஆட்டினார். அதற்கு முந்தின தடவையும் அதே கதைதான். உன்மேல் கோபமெல்லாம் இல்லை. அவர் போனை எடுத்ததுமே "ஆள் வந்தாச்சு, பயப்படாதீங்க" என்று அவர் மாதிரியே இழுத்துச் சொல்லிச் சிரிக்கிறாயே, அதுதான்.

நீ பாசத்தில் செய்கிறாய், எனக்குத் தெரியாதா. ஆனால் அந்த ஒரு வரியை ஒரு நாளைக்கு எத்தனை வாயிலிருந்து கேட்கிறார் தெரியுமா? லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு புண்ணியவான் உள்ளேயிருந்து எடுத்து ஊரெல்லாம் பரவின வீடியோவில், லிஃப்டைச் சரிசெய்யப் போன அப்பாவின் தலை மேலே கதவிடுக்கில் தலைகீழாக, தொப்பி கோணலாக எட்டிப் பார்த்து அதைச் சொன்னதைப் பார்த்து நானும்தான் சிரித்தேன். அதற்காக இப்படியா? டிவி காமெடியில் அது, கிரிக்கெட்டில் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஆட்டக்காரர் இறங்கினால் அது, போனில் வருகிற வீடியோவில் பூனை அறைக்குள் நுழைந்தால்கூட அது. மருந்துக்கடைக்காரர் எனக்குச் சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொல்கிறார். டீக்கடையில் இவர் கால் வைத்தால் நாலு பேர் ஒரே குரலில் கத்துகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தாங்கள்தான் முதன்முதலில் சொல்வதாக நினைப்பு, இவரும் ஒவ்வொருவருக்கும் பல்லைக் காட்ட வேண்டியிருக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள், இது அமிர்தம்கூட இல்லை.

போன வாரம் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது, உள்ளே ஒரு அம்மா தனியாக. அப்பா போய்ச் சேர்ந்ததும் வெளியே நின்ற கூட்டம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "அண்ணே, அதச் சொல்லுங்கண்ணே" என்று ஆரம்பித்துவிட்டதாம். இவர் வாயே திறக்காமல் மொட்டை மாடிக்கு ஏறி, லிஃப்ட் மெஷினைக் கையால் சுற்றி, லிஃப்டை ஒரு தளத்துக்கு நேராகக் கொண்டுவந்து, கீழே இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார். வேலை சுத்தம். ஆனால் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னார், "உள்ள அந்தம்மா யாராவது இருக்கீங்களா, இருக்கீங்களான்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு, நான் பதிலே சொல்லல" என்று. இருட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு முகம் தெரியாது, குரல் மட்டும்தான் துணை, அதற்காகத்தான் அவர் அப்படிச் சொல்லத் தொடங்கியதே. உனக்கு ஞாபகம் இருக்கும், சின்ன வயதில் கரண்ட் போய் நீ அலறினால் அந்தக் குரல்தான் முதலில் வரும், டார்ச் லைட் அப்புறம்தான். என் வலது கண் ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோதும், கதவு மூடுகிற நேரத்தில் வெளியே நின்று சத்தமாகச் சொன்னார், நர்ஸ் அவரைத் திட்டினாள். வலியே தெரியவில்லை என்று நான் பீற்றிக்கொண்டதெல்லாம் அந்தத் தைரியத்தில்தான். இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது என்றால் வாயைத் திறக்கிறார், உடனே மூடிக்கொண்டு "டாக்டர் நல்ல டாக்டர்தான்" என்கிறார். சொல்லுங்கள் என்று நான் எப்படிக் கேட்பது, அந்தக் கூட்டமும் அதைத்தானே கேட்டது.

அதனால் நீ ஒன்று செய். குடும்ப குரூப்பில் அப்பாவின் அந்தத் தலைகீழ் முக ஸ்டிக்கரைப் போடுவதை முதலில் நிறுத்து. பிரசவத்தை நினைத்தாலே பயமாக இருக்கிறது, யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சொன்னாயே, அதை அப்பாவிடம் சொல். வெட்கப்படாதே, பயந்தவர்களின் குரலைக் கேட்டே வேலை பார்க்கிற மனுஷன் அவர். கேலிக்குரல் வேண்டாம், உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டுச் சும்மா இரு, அவராகப் பேசட்டும். குளிக்கிறார் என்று இந்தத் தடவை சொல்லமாட்டேன், நிஜமாகவே குளித்துக்கொண்டிருந்தாலும் கதவைத் தட்டிக் கூப்பிடுகிறேன்.

மருமகளை அதிகம் படியேற விடாதே, கால் வீங்கினால் தலையணை வைத்துத் தூக்கி வைக்கச் சொல். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருங்கள். மறந்துவிடாதே, ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, உனக்கும் லீவுதான், அன்றைக்கே கூப்பிடு. ஸ்பீக்கரில் போடச் சொல். உனக்குத்தான் சொல்வார், பரவாயில்லை, பக்கத்தில் நின்று நானும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா