அப்பாவின் முழுக்கைச் சட்டை

அப்பா,

காலையிலிருந்து என் மேல் உங்கள் முழுக்கைச் சட்டையின் வாசம் அடித்துக்கொண்டிருக்கிறது. வேறொன்றுமில்லை, அரிப்புக்குப் பூசும் அந்த ரோஸ் நிறக் காலமின் தண்ணீர்தான். இரண்டு கைகளிலும் பூசியிருக்கிறேன். காய்ந்து வெள்ளை வெள்ளையாக உதிர்கிறது. அதன்மேல் முழுக்கைச் சட்டையை மாட்டி மணிக்கட்டில் பொத்தானும் போட்டாயிற்று. இந்தப் புழுக்கத்தில் யாராவது பார்த்தால் கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள்.

எல்லாம் கொழுப்பு மாத்திரை செய்த வேலை. பதினோரு வருஷமாக விழுங்குகிறேன், ஒன்றும் செய்ததில்லை. போன மாதம் மாத்திரைக் கம்பெனியை மாற்றிக் கொடுத்தார்கள். அதிலிருந்து தடிப்புத் தடிப்பாக ஏறுகிறது, நேற்று முழங்கையைத் தாண்டிவிட்டது. உதடு வீங்கியிருக்கிறதா என்று மணிக்கு நாலு தரம் கண்ணாடியைப் பார்க்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்தவளுக்கு என்ன செய்வதென்று தெரியாதா? தெரியும். ஆனால் என் மகள், உங்கள் பேத்தி இருக்கிறாளே. ஆயர் குரோவிலிருந்து ஞாயிறுதோறும் வந்து, வாரத்துக்கான மாத்திரைகளைப் பெட்டியில் பிரித்துப் போட்டுவிட்டுப் போவாள். வருகிற புதன்கிழமை அவளுக்கு மெல்பர்னுக்கு விமானம். அங்கே அவள் மகளுக்குத் தலைப்பிரசவம். என் கையைப் பார்த்தால் போவாளா?

போன ஞாயிறு கேட்டேவிட்டாள். "ஏம்மா, இந்த வெக்கையில எதுக்கு முழுக்கை?"

"கொசு" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அம்மாவிடம் நீங்கள் சொன்ன பொய்யும் அதுதான்.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. மலாக்காவில் ஜாலான் பெண்டஹாரா தெருவில் பாயின் துணிக்கடை வாசலில் உங்கள் தையல் மெஷின், காஜா பெராங்கில் நம் வாடகை வீடு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்த உங்களைச் சோதித்துவிட்டு, ரத்தத்தில் கொழுப்பு என்றார் டாக்டர். "இந்த மனுஷனுக்கு ஒடம்புல ஏது கொழுப்பு? வாயிலதான்" என்றாள் அம்மா. அவள் கண் கலங்கியிருந்ததை நீங்களும் பார்த்தீர்கள். புது மருந்து, தினமும் சாப்பிட வேண்டும், நிறுத்தவே கூடாது என்றார். வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். புட்டி என் கைக்கு வந்தது. "லேடி டாக்டரு வந்தாச்சு" என்று ஒவ்வொரு நாளும் கையை நீட்டுவீர்கள். நிறுத்தவே கூடாது என்ற அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வேதம். ஒரு வேளை தாமதமானாலும் உங்கள் மூச்சைக் கவனித்துக்கொண்டே இருப்பேன்.

ஒன்றரை வருஷம் கழித்து, நல்ல வெயில் காலத்தில், உங்கள் முதுகிலும் கையிலும் சிவப்பாக எழும்பியது. அம்மா பார்த்த மாத்திரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வந்திருக்கா."

"அப்பாவுக்குச் சின்ன வயசுலயே வந்துட்டுதும்மா, மறுபடி எப்படி வரும்?" என்றேன்.

"அவ எப்ப வரணும்னு நீ சொல்றியா? வாய மூடு."

நிலையில் வேப்பிலை ஏறியது. வீட்டில் தாளிப்பு நின்றது. பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டி அம்மாள், தலைமுறை தலைமுறையாக மலாய் பேசித் தமிழே வராதவர், அவர் வீட்டு மரத்திலிருந்தே கொத்தாக ஒடித்து வந்து, "ஜாங்ஙான் காசி ஊபாட்" என்று என்னிடம் விரலை ஆட்டினார். மருந்து கொடுக்காதே. ஆத்தா இருக்கும் வீட்டில் மருந்து கொடுத்தால் அவளுக்குக் கோபம் வருமாம். புட்டியை அம்மா அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டாள். நான் அழுதேன், கத்தினேன், பட்டினி கிடந்தேன். அம்மை போகும் முன் அப்பா போய்விடுவாரே என்று பதறிப் பதறிச் செத்தேன். நீங்கள் வேப்பிலைப் படுக்கையில் படுத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பத்து நாளில் எல்லாம் வடிந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்றே அரிசிக்குள் கையை விட்டுப் புட்டியை எடுத்து, முதல் மாத்திரையை நானே உங்கள் உள்ளங்கையில் வைத்தேன். ஒரு கணம் தயங்கினீர்கள். அப்புறம் விழுங்கினீர்கள். அந்தத் தயக்கம் ஏனென்று நான் கேட்டிருக்க வேண்டும், அப்பா.

அந்த வாரம்தான் கோலாலம்பூரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்த கடிதம் வந்தது. அதே வாரம் நீங்கள் உங்களுக்கென்று ஒரு முழுக்கைச் சட்டை தைத்துக்கொண்டீர்கள். வருஷம் முழுக்க பனியனோடு மெஷின் மிதித்தவர்! "மெர்டேக்கா கெடச்சதும் வெள்ளக்காரன் போனான், எங்கப்பா தொரை ஆயிட்டாரு" என்று நான் கேலி செய்தேன். "எம்மவ நர்ஸாவப் போறா. நான் தொரையாவக் கூடாதா?" என்று சிரித்தீர்கள். அம்மா கேட்டதற்குக் கொசு என்றீர்கள். கை ஓரத்தில் எப்போதும் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கும். துணியில் கோடு போடும் சாக்கட்டித் தூள் என்று நினைத்து, நானே எத்தனை தடவை தட்டிவிட்டிருக்கிறேன். அது காலமின். துணிக்கடைக்குள் ஒளித்து வைத்துப் பூசிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

நான் ரயிலேற மூன்று நாள் இருக்கும்போது பாய் ஒரு பெச்சா ரிக்ஷாவில் உங்களைத் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார் என்று ஆள் வந்து சொன்னார். புட்டியைக் கையில் பிடித்தபடி ஓடினேன். மருந்து வேளை தவறக்கூடாதாம், அவ்வளவு புத்தி! உங்கள் முகம் அடையாளமே தெரியவில்லை. உதடு, இமை எல்லாம் வீங்கி, மூச்சு விசில் அடித்தது. ஊசி போட்டுவிட்டு டாக்டர் அந்தச் சட்டைக் கையைக் கத்தரியால் நேராக வெட்டினார். உள்ளே ரணம். அவர் என் கையிலிருந்து புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இதை யார் கொடுத்தது?" என்று கேட்டார். நான்தான் என்றேன்.

மறுநாள் குரல் வந்ததும் உங்களிடம் சண்டைக்கு நின்றேன். தெரிந்துதான் விழுங்கினீர்களா என்று.

"மருந்த நிறுத்துனப்பதானம்மா வடிஞ்சுது. அப்பவே தெரியும்."

"பின்ன ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா நீ போவாம இங்கயே குந்திடுவே. அதுவும் இல்லாம, நீ கையில வச்சு நீட்டும்போது வேணாம்னு எப்படிச் சொல்றது?"

"செத்துப் போயிருந்தா?"

"அதான் சாகலையே" என்று அந்த வீங்கிய உதட்டோடு சிரித்தீர்கள். எனக்கு உங்களை அடிக்க வேண்டும் போலிருந்தது. இப்போதும் இருக்கிறது.

அப்புறம் எந்தக் கொழுப்பு மருந்தையும் நீங்கள் தொடவில்லை. ஒன்பது வருஷம் கழித்து நெஞ்சுவலிதான் உங்களைக் கொண்டுபோனது. மாத்திரையால் போகாமல், மாத்திரை இல்லாமல் போனீர்களோ என்று இன்றும் எனக்குள் ஒரு அரிப்பு. நானும் இதை நிறுத்தினால் என்ன ஆகும் என்ற பயமும் சேர்ந்துதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வார்டில் எனக்கு 'சட்டைக்கை சிஸ்டர்' என்று பெயர். எந்த நோயாளி வந்தாலும் முதல் வேலையாகச் சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்ப்பேன். "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்று சொல்கிறவரை இரண்டு தடவை பார்ப்பேன். ஊரார் கையையெல்லாம் பார்த்தவள் என் கையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வாசலில் கார் சத்தம். இன்றைக்கும் ஞாயிறுதான். வந்ததும் பெட்டியைத் திறந்து மாத்திரையைப் பிரிக்க உட்காருவாள். அதற்குள் பொத்தானைக் கழற்றிவிட்டேன், அப்பா. கையைப் பார்த்து அலறுவாள், டிக்கெட்டைக் கிழிக்கிறேன் என்பாள். கிழிக்க விடமாட்டேன். இன்றைக்கே டாக்டரைப் பார்த்து, வேறு மருந்துக்கு வழி கேட்டு, புதன்கிழமை அவளை விமானம் ஏற்றி அனுப்புவேன். அதுவரை நன்றாகத் திட்டட்டும். தன் கையாலேயே கொடுத்துவிட்டோமே என்று அவள் காலம் பூராவும் புழுங்க வேண்டாம். அது என் ஒருத்தியோடு போகட்டும்.